இனிப்பை வைத்து அறிவியல் காட்டப் போகும் இளைஞருக்கு

கோலா பாட்டிலுக்குள் மெண்டோஸ் மிட்டாயைப் போட்டதும் நுரை பீறிட்டுக் கிளம்புவது வேதிவினை அல்ல. இனிப்புச் சோதனைகளோடு மேடையேறுபவர் முதலில் தெளிய வேண்டியது இது. அமிலமும் காரமும் சேர்ந்து பொங்கியதாகச் சொல்பவர்கள் இன்றும் குறையவில்லை. அழுத்தத்தில் அடைத்த கார்பன் டை ஆக்சைடு, மூடியைத் திறந்தாலும் உடனே வெளியேறிவிடாது. குமிழாகத் திரள அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். கைக்கு வழுவழுப்பாகத் தெரியும் மெண்டோஸ், நுண்ணோக்கியில் ஒரே மேடுபள்ளம். அந்தப் பள்ளங்களில் குமிழ்கள் பிறக்கின்றன. மிட்டாய் கனமானதால் சட்டென்று அடிக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து எழும் குமிழ்கள் மேலே உள்ள பானத்தையும் தள்ளிக்கொண்டு வருகின்றன. அமெரிக்காவின் அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டோன்யா காஃபி இதை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார். பானத்தின் அமிலத்தன்மை முன்னும் பின்னும் மாறவில்லை.

ஒரு பாட்டிலைப் பீய்ச்சிவிட்டுக் கைதட்டல் வாங்க யாராலும் முடியும். இரண்டு பாட்டில் வைப்பவரே அறிவியல் காட்டுகிறார். ஒன்று ஐஸில் கிடந்தது, மற்றது வெயிலில் வைத்தது; எது உயரமாகப் பாயும் என்று கூட்டத்தை முதலில் பந்தயம் கட்டவிட வேண்டும். சூட்டில் வாயு கரைந்திருக்க விரும்பாது, ஆகவே வெயில் பாட்டில்தான் ஜெயிக்கும். அடுத்து முழு மிட்டாயும் பொடித்த மிட்டாயும். பொடி மெதுவாக இறங்குவதால் தோற்கும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

கையால் ஒவ்வொன்றாகப் போட்டால், முதல் மிட்டாய் கிளப்பிய நுரை அடுத்ததை உள்ளே விடாது. காகிதக் குழலில் மிட்டாய்களை அடுக்கி, கீழே ஓர் அட்டையைக் கொடுத்து, பாட்டில் வாயில் வைத்து அட்டையை உருவினால் எல்லாம் சேர்ந்து விழும். திறந்தவெளி வேண்டும், முகம் பாட்டிலுக்கு மேலே போகக் கூடாது, போட்ட பிறகு மூடியைத் திருகவே கூடாது. டயட் கோலாவில் உள்ள இனிப்பூட்டியும் பதப்படுத்தியும் குமிழ் உண்டாவதை எளிதாக்குகின்றன. தரை பிசுபிசுக்காது என்பது கூடுதல் லாபம்.

சத்தமே இல்லாத சோதனை ஒன்று இதைவிட உசத்தி. ஈரமில்லாத கற்கண்டைக் கும்மிருட்டில் குறடால் நொறுக்கினால் மங்கலான நீல ஒளி மின்னும். கெட்டிச் சர்க்கரையை இருட்டில் உடைத்தாலோ சுரண்டினாலோ ஒளிரும் என்று ஃபிரான்சிஸ் பேக்கன் 1620லேயே எழுதிவிட்டார். படிகம் பிளக்கும்போது மின்னேற்றங்கள் பிரிந்து, இடையே சின்னஞ்சிறு மின்னல் வெட்டுகிறது. காற்றின் நைட்ரஜன் ஒளிர்கிறது. அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. அமெரிக்காவில் விற்கும் வின்ட்-ஓ-கிரீன் மிட்டாயில், வலித் தைலங்களில் மூக்கில் ஏறும் அதே மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. அது புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தருவதால் அந்த மிட்டாய் பளிச்சென்று ஒளிரும். பார்ப்பவர்களைப் பத்து நிமிடமாவது இருட்டில் உட்காரவைக்க வேண்டும். இங்கே பலர் அவசரப்பட்டுக் கோட்டைவிடுகிறார்கள்.

உருகிய பொட்டாசியம் குளோரேட்டில் ஜெல்லி மிட்டாயைப் போட்டு ஊதா நிறத் தீயோடு அலறவைக்கும் சோதனை பிரிட்டன் பள்ளிகளில் பிரபலம். அது வாயு உறிஞ்சும் பெட்டிக்குள், தேர்ந்த வேதியியல் ஆசிரியர் செய்ய வேண்டியது. புதியவரின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

சோதனைக்கு எடுத்த இனிப்பு எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. குழந்தைகள் வரும் அரங்கென்றால் தின்பதற்கென்று வேறு பொட்டலம் தனியாக வாங்கி வைக்க வேண்டும்.