இடநெருக்கடியும் கொள்ளைநோயும்

கொள்ளைநோய் எல்லோரையும் ஒப்பத் தாக்கும் என்பர். அது மெய்யோவென ஆராய்வோம்.

2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கொரோனாப் பெருந்தொற்று பரவிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. வயதையும் வறுமையையும் கணக்கிற் கொண்ட பின்னரும், நோய் கண்டோருள் வங்காளதேச மரபினர் இறக்கும் அபாயம் வெள்ளைப் பிரித்தானியரைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு என்று அது கூறிற்று. செய்தொழிலும் உடனிருந்த நோய்களும் அக்கணக்கிற் சேரவில்லை.

இதற்கு ஏதுக்கள் பல. அவற்றுள் வீடும் ஒன்று. 2016 முதல் 2019 வரை அங்கு எடுத்த கணக்கில், வங்காளதேசக் குடும்பங்களில் நூற்றுக்கு 24 இடநெருக்கடியில் வாழ்ந்தன. வெள்ளைப் பிரித்தானியக் குடும்பங்களிலோ நூற்றுக்கு 2. வாடகைக் கார் ஓட்டித் திரும்பும் தந்தை கொணர்ந்த தொற்று, அதே கூரையின்கீழ் உறங்கும் பாட்டியைச் சேரும். ஒதுங்க அறையில்லை, வேலையை விட்டால் வாடகைக்குப் பணமில்லை.

ஆலையில் உழைத்த காலத்து நாமும் ஓரறையில் எழுவர் உறங்கினோம். ஒருவர் இருமினால் வாரத்திற்குள் எழுவரும் இருமுவோம். அந்நாளில் விதியை நொந்தோமேயன்றி, சாளரமற்ற அவ்வறையை எண்ணினோமில்லை.

ஆகவே அறிக: ஏது நீங்கினாலன்றி விளைவு நீங்காது. அறையில்லாதவரிடம் தனித்திருமின் என உரைத்தல் மட்டும் போதாது. நோயுற்ற நாளுக்கு ஊதியமும், ஒதுங்கியிருக்க ஓர் இடமும் அளித்தல் வேண்டும்.