வாவிக்கரையிலிருந்து கனடா: சிவில் பொறியியலாளர் செயற்கை நுண்ணறிவுக்கு மாறும் வழி

ரொறன்ரோவில் வந்து இறங்கியதும் படித்த பொறியியலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஏதாவதொரு டேட்டா சயன்ஸ் டிப்ளோமாவுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நீரும் மண்ணும் தெரிந்த உங்கள் அறிவுதான் கைமுதல். அதன்மேல் செயற்கை நுண்ணறிவைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் பத்திரங்கள். பேராதனையோ மொறட்டுவையோ ஒலுவிலோ, படித்த பீடத்தின் பெறுபேற்றுப் பத்திரங்களுக்குப் புறப்படுமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் முழு உறுப்புரிமை பெற்றது. உங்கள் பட்டம் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். பொறியியலாளர் உரிமத்துக்குக் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற விதியை ஒன்ராறியோ 2023 மேயில் நீக்கிவிட்டது. அங்கே உரிமம் இல்லாமல் 'எஞ்சினியர்' என்று பெயருக்கு முன்னால் போட முடியாது. ஆகவே துறை மாறினாலும் உரிம விண்ணப்பத்தைக் கைவிடாதீர்கள்.

அடுத்தது படிப்பு. அணிக்கணிதமும் வகையீடும் உங்களுக்குப் பழக்கம். பைதனையும் நிகழ்தகவையும் உறுதியாக்குங்கள். இணையத்தில் ஆண்ட்ரூ இங்கின் இயந்திரக் கற்றல் பாடநெறி ஒன்று போதும்; சான்றிதழ் சேர்க்கத் தொடங்கினால் மாதங்கள் கரைந்துவிடும்.

பிறகு, சொந்தமாக ஒரு வேலை. இதில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். எங்கள் மட்டக்களப்பு வாவியையே எடுங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதி 2014 முதல் ரேடார் படங்களை இலவசமாகத் தருகிறது. மாரிக்கால மேகமும் அதை மறைக்காது. அமைதியான நீர் அதில் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாதிரியைப் பழக்கினால், படுவான்கரையில் பெரும்போகத்துக்குத் தண்ணீர் கட்டிய வயலையும் அது வெள்ளமென்றே சொல்லும். ஆற்றுவாழை மூடிய நீரையோ தரையென்று சொல்லும். கண்டல் காட்டுக்குள் புகுந்த நீர் கறுப்பாக இல்லாமல் பளிச்சென்றும் தெரியலாம். இந்தப் பிழைகளைப் பார்த்ததும் காரணம் சொல்ல, அந்த இடத்தை அறிந்த நீங்கள்தான் வேண்டும். விதைப்புக் காலத்தையும், முகத்துவாரம் வெட்டி வாவியைக் கடலுக்குத் திறந்த நாட்களையும், மழையளவையும் மாதிரிக்குக் கொடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். ஒரே படத்தின் புள்ளிகளைக் கலைத்துப் பாதியில் பழக்கி, மீதியில் சோதித்தால் மதிப்பெண் அள்ளிக் கொட்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுபோலவே இருப்பதால் வரும் பொய் அது. 2024 நவம்பர் வெள்ளத்தை மாதிரிக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் அதில் சோதியுங்கள். மதிப்பெண் குறையும். குறைந்த அந்த எண்ணையே எழுதுங்கள்.

வேலை தேடும்போது பெரிய மென்பொருள் நிறுவனங்களின் வாசலில் மட்டும் நிற்காதீர்கள். 1954இல் ஹேசல் சூறாவளி கனடாவில் 81 பேரைப் பலிகொண்ட பின், ரொறன்ரோ வட்டாரத்தில் ஆற்றுப்படுகைப் பாதுகாப்புக்கென்றே ஓர் ஆணையம் அமைந்தது. வெள்ள எச்சரிக்கை விடுவது இன்றும் அதன் பணி. அதுபோன்ற அமைப்புகளிலும், நீரியல் ஆலோசனை நிறுவனங்களிலும், காப்புறுதி நிறுவனங்களின் வெள்ள இடர் பிரிவுகளிலும், நகரசபைகளிலும் இரண்டு துறையும் தெரிந்தவருக்கு இடமுண்டு. எங்கள் ஊரைத் தாக்கிய 1978 சூறாவளியை வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவருக்கு இந்த வேலையின் பாரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நேர்முகத்தேர்வுக்குப் போகும்போது மாதிரி சரியாகச் சொன்ன படத்தோடு, பிழைத்த படத்தையும் கொண்டுபோங்கள். ஏன் பிழைத்தது, எப்படித் திருத்தினீர்கள் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள்.