ஆடாசிட்டியில் மைக் ஸ்லைடர் நகரவில்லையா?

குரலைப் பதிவு செய்ய விரும்பும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆடாசிட்டியைத்தான். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த இந்த மென்பொருள் இன்றும் இலவசம். ஆனால் சில கம்ப்யூட்டர்களில் இதன் மைக் ஸ்லைடர் மங்கலாகத் தெரியும், இழுத்தாலும் நகராது.

தாம்பரத்தில் எங்கள் தெரு ஆசிரியை ஒருவர், பார்வையற்ற மாணவிக்காகப் பிளஸ் டூ பாடங்களை வாசித்துப் பதிவு செய்கிறார். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் இதே சிக்கல். ஆடாசிட்டியை நீக்கிவிட்டு இரண்டு முறை மறுபடி இன்ஸ்டால் செய்திருக்கிறார். (எல்லா நோய்க்கும் இதையே மருந்தாக நினைக்கிறோம்!)

மைக்கின் ஒலி அளவு உண்மையில் விண்டோஸ், டிரைவர் ஆகியவற்றின் கையில் உள்ளது. டிரைவர் இடம் தராவிட்டால் ஆடாசிட்டியின் ஸ்லைடர் வேலை செய்யாது. யுஎஸ்பி மைக்குகளில் இது சகஜம். எனவே செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று, இன்புட் பகுதியில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்து அங்கே வால்யூமை மாற்றுங்கள். அவருக்கு இதிலேயே சரியாகிவிட்டது. மைக்கிலேயே திருகு இருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள்.

ஒலியே பதிவாகாமல் கோடு நேராக ஓடினால் கதை வேறு. ஆடாசிட்டியைத் திறந்த பின் செருகிய மைக் அதற்குத் தெரியாது. ஆடியோ செட்டப்பில் 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' கொடுத்து, ரெக்கார்டிங் டிவைஸில் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் வராவிட்டால், விண்டோஸின் பிரைவசி பகுதியில் டெஸ்க்டாப் புரோகிராம்களுக்கு மைக்ரோபோன் அனுமதி உள்ளதா என்று பாருங்கள்.

பேசும்போது மீட்டர் -6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். உச்சியில் முட்டி உடைந்த குரலைப் பிறகு சரிசெய்வது கடினம். குறைந்த குரலை 'ஆம்ப்ளிஃபை' மூலம் கூட்டலாம். மின்சார ரயில் சத்தமும் சேர்ந்தே கூடும் என்பதால் ஜன்னலை மூடிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.