மாணாக்கர் ரோபோக்களில் சங்கிலிப் பழுதுகள்

ஆசிய-பசிபிக் ஒலிபரப்புச் சங்கத்தின் ரோபோகான் போட்டி 2002-இல் டோக்கியோவில் தொடங்கிற்று. 2008-இலும் 2014-இலும் புனே நகரில் நடைபெற்றது. ஆட்டத்திற்கு வழக்கமாக 3 நிமிடமே உண்டு. அதற்குள் சங்கிலி கழன்றுவிட்டால் மாணாக்கரின் பல மாத உழைப்பு வீணாகும். ஆதலின் பழுதின் காரணத்தை முன்னரே கண்டறியும் முறையை ஆசிரியர் கற்பித்தல் வேண்டும்.

முதற்கண் மின்கல இணைப்பை நீக்குக. ரோபோவைக் கட்டைகளின்மேல் ஏற்றி, சக்கரங்களைக் கையால் மெல்லச் சுற்றுக. சங்கிலி ஒரு நிலையில் இறுகி மற்றொரு நிலையில் தளருமாயின், பற்சக்கரம் அச்சின் மையத்தில் பொருந்தவில்லை என அறியலாம். அதனைச் சீர்செய்யாமல் சங்கிலியை மட்டும் இறுக்குவது வீண் வேலை.

அடிக்கடி காணும் பழுது, சங்கிலி பற்களைத் தாண்டுவதாகும். இரு அச்சுகளுக்கிடையே 300 மி.மீ. தூரம் இருப்பதாகக் கொள்வோம். மோட்டாரைத் தாங்கும் தகடு வளைந்து ஓர் அச்சு 1 மி.மீ. உள்நோக்கி நகர்ந்தால், சங்கிலியில் 2 மி.மீ. மிகுதியாகும். அவ்வளவும் ஒரு பக்கத்தில் சேரும்பொழுது நடுவில் ஏறக்குறைய 15 மி.மீ. தொய்வு உண்டாகும். தகுந்த தொய்வோ 6 முதல் 12 மி.மீ. வரைதான், முன்னும் பின்னும் ஓடும் ரோபோவிற்கு 6 மி.மீ. நன்று. ஆகவே இறுக்கும் உருளையைத் தேடுமுன், சட்டம் வளைகின்றதா என்று கையால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஒரு முனையில் மட்டும் தாங்கப்பெற்ற அச்சும் இவ்வாறே வளையும்.

சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்பர். உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளின் ஊசியும் அதனைச் சூழ்ந்த குழலுமே தேய்கின்றன. 9.525 மி.மீ. இடைவெளியுள்ள சங்கிலியில் 20 கண்ணிகள் 190.5 மி.மீ. நீளமிருக்கும். அச்சுகளை நகர்த்த வழியில்லாத ரோபோவில் இது 193.4 மி.மீ. ஆனவுடன் சங்கிலியை மாற்றிவிடுக. கொக்கிபோல் தேய்ந்த பற்சக்கரத்தில் புதுச் சங்கிலியைப் பூட்டலாகாது.

உட்தகடுகளின் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால், பற்சக்கரங்கள் நேர்கோட்டில் இல்லை. நேர்விளிம்புள்ள அளவுகோலை இரண்டின் பக்கங்களிலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சங்கிலி அறுவதற்குச் சிறு பற்சக்கரம் பல வேளைகளில் காரணமாகும். 6.35 மி.மீ. சங்கிலிக்கான 12 பற்சக்கரத்தின் ஆரம் சுமார் 12.3 மி.மீ. 10 நியூட்டன்-மீட்டர் முறுக்கம் அதன்மீது செயற்பட்டால் இழுவிசை 815 நியூட்டன் அளவினதாகும். 24 பற்களெனில் அதிற் பாதியே. திசையைத் திடீரென மாற்றும்பொழுது ஏற்படும் அதிர்ச்சி இதனினும் மிகும்.

இறுதியாக, சைக்கிள் கடைகளில் ‘செயின் லாக்’ எனப்படும் இணைப்புக் கண்ணியைக் கவனிக்க. அதன் கவ்வியின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். இருதிசையும் ஓடும் ரோபோவில், இக்கவ்விக்குப் பதிலாக ஊசியைத் தறைந்து இணைப்பதே பாதுகாப்பு. அரைக்கண்ணி வலுக்குறைந்தது, இயன்றவரை தவிர்க்க.