இரவு சைக்கிள் பயணத்துக்கு ஹெல்மெட் லைட்: தேர்வு செய்வதும் பொருத்துவதும்

கம்ப்யூட்டர் வாங்கப் போனால் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, ப்ராசசர் என்ன என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் இரவில் நம் உயிரைக் காக்க வேண்டிய சைக்கிள் லைட்டை, அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட ஒரே ஒரு எண்ணைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். இந்த மாதம் ஹெல்மெட்டில் மாட்டும் எல்.இ.டி. லைட்டின் ஸ்பெசிபிகேஷனை எப்படிப் படிப்பது, அதை ஹெல்மெட்டில் எப்படிப் பொருத்துவது என்று பார்ப்போம். இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்கு எங்கள் சென்னீர்குப்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். பூந்தமல்லி - ஆவடி சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் சைக்கிளில் போகிறவர்கள் இன்றும் உண்டு. ஷிப்ட் முடித்துத் திரும்பும் தொழிலாளர்கள், ட்யூஷன் முடிந்து வரும் மாணவர்கள், பகலில் வெயிலுக்குப் பயந்து இரவில் உடற்பயிற்சிக்காக ஓட்டுபவர்கள் என்று பலரகம். எதிரில் லாரியின் ஹெட்லைட், அது கடந்த அடுத்த நொடியில் கும்மிருட்டு. பெயின்ட் அழிந்த வேகத்தடை, தோண்டி மூடிய பள்ளம், சாலையில் படுத்திருக்கும் மாடு. தெருவிளக்கு இருக்கும் சாலைக்கும் உள்ளே திரும்பும் இருண்ட தெருவுக்கும் ஒரே லைட்டை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

ஹெல்மெட் லைட் எதற்கு, எதற்கு அல்ல?

ஹேண்டில்பாரில் உள்ள லைட், சைக்கிள் போகும் திசையைக் காட்டும். ஹெல்மெட் லைட், நீங்கள் பார்க்கும் திசையைக் காட்டும். திருப்பத்தில் திரும்புவதற்கு முன்பே தெருவுக்குள் நாய் நிற்கிறதா என்று பார்க்கலாம். செயின் கழன்றால் இரண்டு கைகளும் ஃப்ரீயாக இருக்கும். இவை இதன் பலம்.

இதன் பலவீனத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளம் நம் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிவது அதன் நிழலால்தான். ஹெல்மெட் லைட் கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், நிழல் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடும். சாலை தட்டையாகத் தெரியும். ஹேண்டில்பார் லைட் கண்ணைவிட அரை மீட்டருக்கு மேல் தாழ்வாக இருப்பதால் நிழல் விழும், பள்ளம் தெரியும். மழையிலும் பனியிலும் ஹெல்மெட் லைட்டின் வெளிச்சம் துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி வந்து கூசும்.

எனவே பட்ஜெட் குறைவு என்றால் முதலில் வாங்க வேண்டியது ஹேண்டில்பாருக்கு ஒரு வெள்ளை லைட், பின்புறத்துக்கு ஒரு சிவப்பு லைட். ஹெல்மெட் லைட் மூன்றாவது. பிரிட்டனின 1989ஆம் ஆண்டு வாகன விளக்கு விதிகளும் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கைச் சைக்கிளிலேயே கேட்கின்றன. நம் ஊரிலும் ஒரு காலத்தில் லைட் இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்து டைனமோ 6 வோல்ட், 3 வாட். சைக்கிள் நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். இன்றைய பேட்டரி லைட்டில் அந்தத் தொல்லை இல்லை.

லூமன், லக்ஸ், கேண்டெலா

லூமன் என்பது லைட்டிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சம். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெளிச்சம். கேண்டெலா என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் உள்ள செறிவு. ஒரே 300 லூமனை அகலமாகப் பரப்பினால் பக்கத்தில் மட்டும் தெரியும், குவித்தால் தூரத்தில் தெரியும். ஆகவே லூமனை மட்டும் பார்த்தால் பாதி விஷயம்தான் தெரியும்.

2009ல் அமெரிக்காவில் வெளியான அன்சி எஃப்.எல்.1 என்ற தரநிலையைப் பின்பற்றும் லைட்டுகளில் "பீம் டிஸ்டன்ஸ்" என்று மீட்டரில் ஒரு எண் இருக்கும். வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரம் அது. ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டர் என்று போட்டிருந்தால்:

0.25 × 60 × 60 = 900 கேண்டெலா

நமக்கு வேண்டியது 60 மீட்டரில் நிலா வெளிச்சம் அல்ல, பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தில் நல்ல வெளிச்சம். தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 15 மீட்டரில்:

900 ÷ (15 × 15) = 4 லக்ஸ்

அந்த 15 மீட்டர் எங்கிருந்து வந்தது? மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு சுமார் 5.6 மீட்டர். பள்ளத்தைப் பார்த்து பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை நொடி போனால் 8 மீட்டருக்குச் சற்று மேல். சுமாரான பிரேக்கில் நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13 முதல் 14 மீட்டர். கொஞ்சம் கூட்டி 15 என்று வைத்துக்கொள்கிறோம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் இதுவே 18 மீட்டரைத் தாண்டும். லைட் காட்டும் தூரத்துக்கு மேல் வேகம் போகக் கூடாது என்பது இதிலிருந்தே புரியும்.

பேட்டரி கணக்கு

பெட்டியில் "1000 லூமன், 4 மணி நேரம், 1200 எம்.ஏ.எச்." என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பலாமா? சோதித்துப் பார்ப்போம்.

1. லித்தியம் அயான் செல்லின் சராசரி வோல்டேஜ் 3.7. எனவே 1.2 × 3.7 = 4.44 வாட் ஹவர்.
2. இந்த மாதிரி லைட்டுகளில் 1 வாட்டுக்கு சுமார் 100 லூமன் என்று எடுத்துக்கொள்ளலாம். 1000 லூமனுக்கு 10 வாட் வேண்டும்.
3. 4.44 ÷ 10 = 0.444 மணி, அதாவது 27 நிமிடம் கூட இல்லை.

ஆக 1000 லூமனும் 4 மணி நேரமும் ஒன்றாகக் கிடைக்காது. முழு வெளிச்சம் அரை மணிக்கும் குறைவு, அல்லது மங்கலான வெளிச்சம் 4 மணி நேரம். அன்சி தரநிலையிலேயே ரன்டைம் என்பது ஆரம்ப வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரம்தான் என்பதையும் மறக்காதீர்கள்.

கழற்றி மாட்டும் 18650 வகை செல் உள்ள லைட் என்றால் இன்னொரு எச்சரிக்கை. 18650 என்றால் 18 மில்லி மீட்டர் விட்டம், 65 மில்லி மீட்டர் நீளம். இந்த அளவில் வரும் நல்ல செல்லின் கொள்ளளவு சுமார் 3500 எம்.ஏ.எச். வரைதான். "9900 எம்.ஏ.எச்." என்று லேபிள் ஒட்டியிருந்தால் அது போலி. அதை வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

நம் தேவைக்கு எவ்வளவு? ஹெல்மெட் லைட்டுக்கு 200 முதல் 300 லூமன் போதும். 300 லூமனுக்கு 3 வாட். 3000 எம்.ஏ.எச். செல்லில் 11.1 வாட் ஹவர். சேதாரம் போக 3 மணி நேரம் வரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எடை: சைக்கிள் ஹெல்மெட்டே பெரும்பாலும் 250 முதல் 350 கிராம்தான். லைட் 100 கிராமுக்கு மேல் போனால் கழுத்து வலிக்கும், ஹெல்மெட் முன்னால் சரியும்.

மழை: ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எல்லாப் பக்கமும் நீர் தெறித்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுபவர்களுக்கு 4 குறைந்தபட்சம்.

சார்ஜிங்: டைப்-சி சாக்கெட் இருந்தாலும் சில மலிவான லைட்டுகள் இரு முனையும் டைப்-சி ஆக உள்ள கேபிளில் சார்ஜ் ஆகாது. உள்ளே வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை விட்டிருப்பார்கள். ஒரு முனை பழைய யு.எஸ்.பி. உள்ள கேபிளில் போட்டால் ஏறும்.

பட்டன்: ஹெல்மெட்டைக் கழற்றாமல், கைவிரலால் தடவிப் பார்த்தே அழுத்த முடிய வேண்டும்.

பொருத்தும் முறை

சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை நுரை. விழும்போது அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஐரோப்பாவின் இ.என்.1078 தரநிலையில் ஹெல்மெட்டை நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையில் தேறிய ஹெல்மெட்டில் நாம் துளை போட்டாலோ, ஸ்க்ரூ முடுக்கினாலோ, கண்ட பசையை ஊற்றினாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். சில பசைகள் இந்த நுரையைக் கரைத்தே விடும்.

1. ஹெல்மெட்டின் முன்பக்கம், நடுவில் உள்ள காற்றுத் துளைகளைத் தேர்ந்தெடுங்கள்.
2. லைட்டின் அடியில் ரப்பர் பேட் வைத்து, வெல்க்ரோ ஸ்ட்ராப்பைத் துளைகள் வழியே நுழைத்து இறுக்குங்கள். தலையைப் பலமாக ஆட்டினால் லைட் அசையக் கூடாது. ஆனால் கையால் பலமாக இழுத்தால் கழன்று வர வேண்டும். கீழே விழும்போது லைட் எதிலாவது சிக்கிக் கழுத்தைத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக இது. கழலவே கழலாத கேபிள் டை போட்டு இறுக்காதீர்கள்.
3. ஸ்ட்ராப்போ பக்கிளோ உட்புறம் தலையில் அழுத்தக் கூடாது.
4. இப்போது கோணம். சைக்கிளில் உட்கார்ந்த நிலையில் லைட் தரையிலிருந்து 160 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டரில் தரையைத் தொட வேண்டும் என்றால் மீட்டருக்கு 10.7 செ.மீ. இறங்க வேண்டும். சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்தி, அதில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பதுபோல் தலையை வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் விழும் வட்டத்தின் நடுப்புள்ளி, லைட்டின் உயரத்தைவிட 32 செ.மீ. கீழே, அதாவது தரையிலிருந்து 128 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். உங்கள் உயரத்தை அளந்து கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.
5. கோணம் சரியானதும் ஸ்ட்ராப் நிற்கும் இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்து வையுங்கள். சார்ஜ் போடக் கழற்றினாலும் மீண்டும் அதே இடத்தில் மாட்டலாம்.

சாலையில்

எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்தால் உங்கள் லைட் அவர் கண்ணில்தான் அடிக்கும். ஆள் நெருங்கும்போது பார்வையைச் சாலையின் இடது ஓரத்துக்குத் தாழ்த்துங்கள். ஹெல்மெட் லைட்டை மின்னும் மோடில் வைக்க வேண்டாம். எதிரில் வருபவருக்குத் தூரம் பிடிபடாது, உங்களுக்கும் சாலை விட்டுவிட்டுத் தெரியும். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு வேன் எட்டிப் பார்க்கிறது என்றால், ஒரு நொடி அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் போதும். டிரைவர் உங்களைக் கவனித்துவிடுவார்.

மழை பிடித்துக்கொண்டால் ஹெல்மெட் லைட்டைக் குறைத்துவிட்டு, ஹேண்டில்பார் லைட்டை நம்பி மெதுவாக ஓட்டுங்கள். வெயில் காலத்தில் ஹெல்மெட்டை லைட்டோடு வெயிலில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது.

அடுத்த முறை கடையிலோ ஆன்லைனிலோ லைட் வாங்கும்போது மொபைலில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து, மேலே சொன்ன மூன்று வரி பேட்டரி கணக்கைப் போட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஏற்கெனவே வீட்டில் டார்ச் இருந்தால் இன்றிரவே அதன் லேபிளை எடுத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.