ரயில் நிலையப் பெயர்களில் ஓர் எழுத்துப் பாடம்

மூன்றாம், நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய தமிழ் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 'வன்டி', 'பன்து', 'கன்டேன்' என்று எழுதியிருப்பார்கள். புத்தகத்தைக் கொடுத்தால் ஓரளவு வாசித்துவிடுவார்கள். சொந்தமாக நான்கு வரி எழுதச் சொன்னால்தான் பென்சில் நின்றுவிடும். எந்த 'ன' போடுவது என்ற பயத்திலேயே சொல்ல வந்த விஷயம் மறந்துபோகிறது.

கொரோனா காலத்தில் தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டு, 2021 நவம்பர் 1இல்தான் மீண்டும் திறந்தன. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. கற்கும் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பயிற்சி நூல்கள் வந்தன. பள்ளியில் நடப்பது அங்கே நடக்கட்டும். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால் நாம் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அம்பத்தூரில் என் வீட்டுக்கு மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் வருகிறார்கள். அவர்களிடம் நான் பயன்படுத்துவது தமிழ்99 கீபோர்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை இது. டைப்பிங் வேகத்துக்காகத்தான் எல்லோரும் இதைப் புகழ்வார்கள். இதற்குள் ஓர் இலக்கணப் பாடம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இடது கைப் பக்கம் உயிர் எழுத்துகள், வலது கைப் பக்கம் மெய்கள். இடது பக்கத்தில் நடு வரிசையில் அ, இ, உ, எ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ. குறில் கீழே, நெடில் மேலே! இதைச் சொன்னதும் பிள்ளைகளின் விரல் தானாக மேலும் கீழும் ஓடும். ஒ, ஓ மட்டும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

'கொ' என்று கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டு, பிறகு 'க', கடைசியில் கால் போடுகிறோம். சின்னப் பிள்ளைக்கு இது மூன்று துண்டு. தமிழ்99இல் க, ஒ என்று இரண்டே தட்டு. காதில் விழும் வரிசையே கையில் வரும் வரிசை. உயிர்மெய் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டிய வேலை எனக்கு மிச்சம்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். அ, ம, ம, ஆ என்றால் 'அம்மா'. அதேபோல ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் தானாகப் புள்ளி வைக்கும். இலக்கணத்தில் இன எழுத்து என்று படித்தோமே, அதுதான். பிள்ளை வ, ண, ட, இ என்று தட்டினால் 'வண்டி' வரும். வ, ன, ட, இ என்று தட்டினால் திரையில் 'வனடி' என்று நிற்கும். யாரும் திட்ட வேண்டாம், சிவப்பு மையில் சுழிக்க வேண்டாம். பிள்ளையே சிரித்துக்கொண்டு அழித்துவிடும்.

பயிற்சிக்குச் சொற்கள் எங்கிருந்து எடுப்பது? எங்கள் ரயில் பாதையிலிருந்துதான். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர். இந்தப் பெயர்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆவடி நான்கே தட்டு. அம்பத்தூரில் 'ம்ப', 'த்த' இரண்டும் தானாக வரும். கடைசி 'ர்' மட்டும் ஆய்த எழுத்துள்ள கீயால் (ஆங்கில எஃப்) புள்ளி கேட்கும். அண்ணனூரில் ண, ன இரண்டும் இருப்பதால் அது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. திருநின்றவூரில் 'ந'வும் 'ன்ற'வும் சேர்ந்து வருகின்றன. பஸ் வழிக்குப் போனால் மாங்காடு, குன்றத்தூர், செம்பரம்பாக்கம். எனக்குப் பிடித்தது பூந்தமல்லி. ப, ஊ, ந, த, ம, ல, ல, இ. இரண்டு மெய்க்குப் புள்ளி உண்டு, ஆனால் புள்ளிக் கீயைத் தொடவே வேண்டாம்.

பெயரோடு நிறுத்தினால் அது டைப்பிங் வகுப்பு. ஒவ்வொரு ஊருக்கும் பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அதில் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். 'அப்பா பட்டரவாக்கத்தில் இறங்கி கம்பெனிக்கு நடந்து போகிறார்' என்று ஒரு பிள்ளை சொன்னால் இறங்கு, ஏறு, நட, கட என்று ஒரு குடும்பமே கிடைக்கிறது. 'பாக்கம்' என்றால் என்ன என்று கேட்பார்கள். பழந்தமிழில் கடற்கரை ஊருக்குப் பாக்கம் என்று பெயர், பிறகு பொதுவாக ஊர் என்ற பொருளில் பரவியது என்று சொன்னால் கண் விரியும். கடலே இல்லாத செம்பரம்பாக்கத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு வாண்டு கேட்டது. அங்கே ஏரி இருக்கிறதே என்று இன்னொன்று பதில் சொன்னது. நான் தலையிடவில்லை.

இந்தக் கீபோர்டு பிடிக்காத பிழைகளும் உண்டு. 'தன்னீர்' என்று தட்டினாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். பல்லி, பள்ளி இரண்டும் சரியான சொற்கள். மலை, மழை அப்படித்தான். இங்கே நாம்தான் வாய்விட்டுச் சொல்லி, வாக்கியத்தில் வைத்துக் காட்ட வேண்டும். பேச்சு வழக்கும் குறுக்கே வரும். 'காத்து' காற்று ஆகும், 'நேத்து' நேற்று ஆகும், 'பத்து' மட்டும் பத்தாகவே இருக்கும். ஒண்ணு, மூணு என்று பேசுவது தப்பில்லை, நோட்டில் ஒன்று, மூன்று என்று ஆகும் என்று சொல்லுங்கள். பேச்சைக் கேலி செய்தால் பிள்ளை எழுதுவதையே விட்டுவிடும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வீட்டில் இந்தியும் தெலுங்கும் பேசும் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இரண்டுமே புதிது. அந்தப் பிள்ளைகளிடம் இரட்டைப் பொறுமை வேண்டும்.

போனில் ஆங்கில எழுத்தில் 'வண்டி' என்று அடித்தால் அதுவே சரியான தமிழைக் கொடுத்துவிடுகிறதே என்று பெற்றோர் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு அது வசதி. கற்கும் பிள்ளைக்கு அங்கே எந்த 'ன' என்று யோசிக்கும் வேலையே இல்லாமல் போகிறது. அதனால் பயிற்சி நேரத்தில் சொல் பரிந்துரையை அணைத்துவிடுங்கள்.

விண்டோஸில் நான் பயன்படுத்துவது இ-கலப்பை, இலவசம். ஐபோனில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ்99 உள்ளது. ஆண்ட்ராய்டில் செல்லினம். எதைப் போட்டாலும் முதலில் ந, த தட்டிப் பாருங்கள். 'ந்த' வந்தால் இந்தப் பாடத்துக்கு அது உதவும். 'நத' என்று வந்தால் வேறு மென்பொருள் தேடுங்கள். நோட்பேடே போதும், எழுத்தளவை 48க்கு உயர்த்திக்கொள்ளுங்கள்.

வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் நோட்டில் பென்சிலால் ஐந்து வரி. பிறகு அதே வரிகள் கீபோர்டில். திரையில் முட்டிய இடங்களை அடிக்கோடிட்டு மறுபடி நோட்டில். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்; அடுத்த பிள்ளை காத்திருக்கும்.