பல்கலைக்கழகப் புகுமுகம்: மாணவர் அறியவேண்டுவன

கல்வியில் முன்னேற விரும்புவார்க்கு உழைப்பு மட்டும் போதாது. செல்லும் வழியையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ஒட்டுசுட்டானைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து வரும் நம் மாணவர் விதி அறியாமையால் வாய்ப்பிழத்தல் ஆகாது என்னும் கருத்தினால் ஈண்டுச் சில கூறுகின்றோம்.

முதற்கண் பாடத்தெரிவு. சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடன் செய்யும் தெரிவே பின்னைய வழியைத் தீர்மானிக்கின்றது. மருத்துவம் நாடுவோர் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் கற்றல் வேண்டும். பௌதிகவியலுக்கு ஈடாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவர்க்கு அவ்வாயில் அடைபடும். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்பன வேண்டும். தோழர் எடுத்தார் என்பதற்காகப் பாடம் தெரிதல் தகாது.

அடுத்தது தகுதி. மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது சாதாரண சித்தியும், பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் பெறல் வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவையே உண்டாதலின், 'முதன்முறை எழுதிப் பார்ப்போம்' என எண்ணுதல் ஒரு வாய்ப்பை வீணாக்குதலாகும்.

தகுதி வேறு, தெரிவு வேறு. தெரிவு இசட் புள்ளியால் நிகழ்கின்றது. பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது அதன் முறை. சராசரி 50, விலகல் 10 ஆகிய பாடத்தில் 70 பெற்றவர்க்கு 2. சராசரி 70, விலகல் 10 ஆகியதில் 80 பெற்றவர்க்கு 1. எனவே கடினமான பாடத்தில் பெறும் புள்ளியை இழிவாக எண்ணற்க.

பெரும்பாலான கற்கைகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. முல்லைத்தீவு அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. மாவட்ட அடிப்படை 1974இல் வந்தபோது யாழ்ப்பாணத்தார் பலர் அதனை இழப்பெனக் கண்டனர். வன்னிக்கோ அது வாயில் திறந்தது. அன்று நம் பகுதி வவுனியா மாவட்டத்துள் இருந்தது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். இவ்வொதுக்கீடு இரங்கி இடும் பிச்சையன்று. ஆய்வுகூடமும் ஆசிரியரும் போதாமையைச் சிறிதே நிரவும் ஏற்பாடு. ஆயின் அதனை நம்பிச் சோம்புதலும் கூடாது. உள்ளே சென்றபின் யாவர்க்கும் பரீட்சைத்தாள் ஒன்றே.

விண்ணப்பத்தில் கற்கைகளை விருப்ப வரிசைப்படியே எழுதுக. மேலே எழுதியது கிட்டாவிடினும், அதனாற் கீழுள்ளதற்குக் கேடில்லை. அச்சத்தால் எளியதை மேலே இட்டவர் அதனையே பெறுவர். கட்டடக்கலை முதலிய சில கற்கைகளுக்கு உளச்சார்புப் பரீட்சை தனியே நடைபெறும். அறிவித்தல்களைத் தவறாது கவனித்து வருதல் நன்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் உள. வவுனியாப் பல்கலைக்கழகமும் 2021 முதல் தனித்து இயங்குகின்றது. ஆதலின் தூரம் கருதி மனம் தளர வேண்டுவதில்லை.

பழைய மாணவர்காள்! விழாக்காலத்து நிதி நல்குவது சிறப்பே. அதனினும் சிறந்தது, பெறுபேறு வெளியாகும் காலத்தில் ஊருக்கு ஒருவர் அமர்ந்து, மாணவரோடு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பக்கம் பக்கமாகப் படித்தல். பெற்றோர் படியாத வீட்டிற்கு அவ்வொரு மாலைப்பொழுதின் உதவியே பெருங் கொடையாகும்.